சென்னிமலை ஏறிய மூன்று செட் பிளக்

போன வாரம் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். கண்ணாடிச் சுவர் போட்ட ஏசி அறையில் உட்காரவைத்து, காகிதக் கப்பில் காபி கொடுத்து, ஒரு தம்பி கையில் சின்ன டப்பாவோடு வந்து நின்றான். "மேடம், ஸ்பார்க் பிளக் நாலும் மாத்தோணும். சாதாவுக்குப் பதிலா இந்த இரிடியம் போட்டுரலாங்களா? பிக்கப் சும்மா அப்படி இருக்கும். மைலேஜும் ஏறும்."

"உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றேன்.

"போட்டவங்க எல்லாருமே நல்லா இருக்குதுன்னு சொல்றாங்க மேடம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாவம், அவன் முகம் சுருங்கிவிட்டது. உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை கண்ணு என்று சமாதானம் சொல்லி, சாதா பிளக்கே போதும் என்று கையெழுத்துப் போட்டேன். ஆனால் அந்த டப்பாவை ஒரு நிமிஷம் வாங்கித் திறந்து மோந்து பார்த்தேன். அட்டையும் மெல்லிய எண்ணெயும் கலந்த அதே வாசனை. ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு முன்னால் இந்தத் தம்பி சொன்ன அதே வார்த்தைகளை, இவனைவிட வாய் கிழியச் சொல்லி விற்றவள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர் காந்திபுரம் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, கடிதம் அடிக்கத்தான் போனேன். ஆறாவது மாசம் கவுண்டரில் நின்றிருந்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. எந்த வண்டிக்கு எந்தச் சாமான், அது எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டு என்று கேட்டதும் எனக்கு வாயில் வந்துவிடும். படிக்கிற காலத்தில் இந்த ஞாபகசக்தி எங்கே போயிருந்தது என்று அம்மா கேட்பாள்.

வருகிறவர்கள் என் தலைக்கு மேலே பார்த்துப் பேசுவார்கள். "ஏனுங்க, கடையில ஆளுங்க இல்லீங்களா?"

"நானும் ஆளுதானுங்க. என்ன சாமான் வேணும், சொல்லுங்க."

இதிலும் ஒரு மரியாதை இருக்கும் பாருங்க. பொம்பளைப் புள்ளைக்கு என்ன தெரியும் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. கேட்கவே மாட்டார்கள். "பரவால்லீங்க, அப்பறமா வாரனுங்க" என்று சிரித்துக்கொண்டே பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர்களெல்லாம் என்னைத் தேடி வந்து, என்னிடம் கேட்டு, நான் சொன்னதை வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்த உசத்திப் பிளக் வந்தது. முனையில் பிளாட்டினம், டப்பாவில் தங்கக் கலர். கொண்டுவந்த கம்பெனிக்காரர் அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார். பொறி பலமாக விழும், பெட்ரோல் முழுசாக எரியும், இழுவை ஏறும் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு வரி தவறாமல் பாடமாகிவிட்டது. முதலாளி அலமாரி நிறைய வாங்கி அடுக்கினார். "அம்மணி, இத நீங்களே எடுத்துச் சொல்லி வித்துப்போடுங்க" என்றார். கவுண்டரில் எனக்கென்று ஒரு சாமான்! விடுவேனா?

விற்றது மட்டுமில்லை. வாங்கிப் போனவர்கள் மறுபடி கடைக்கு வந்தால் வழிமறித்துக் கேட்பேன். "பிளக் எப்படிங்க, நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்க அம்மணி."

கோடு போட்ட நோட்டு ஒன்றில் பேர், ஊர், வண்டி எழுதி, எதிரே அவர் சொன்னதையும் எழுதிக்கொள்வேன். அவிநாசி, நல்லா இருக்குது. பொள்ளாச்சி, நல்லா இருக்குது. பவானியில் ஜமக்காள வியாபாரம் பண்ணுகிறவர், ரொம்ப நல்லா இருக்குது. யாராவது யோசித்து நின்றால் நோட்டைத் திருப்பிக் காட்டுவேன். என் பெருமையை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும், கவுண்டர் கொள்ளாது.

ஆறுச்சாமி அண்ணன் அப்படி ஒருநாள் வந்தவர்தான். பல்லடத்துக்காரர். பழைய பெட்ரோல் அம்பாசடர் ஒன்றைச் சொந்தமாக வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் சின்ன வயசிலிருந்தே விசைத்தறி வேலை. பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி, இழுப்பு வந்து, இனி தறிப்பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்று வைத்தியர் சொன்ன பிறகு எடுத்த வண்டி அது. சன்னலை இறக்கிவிட்டு ஓட்டும்போதுதான் நெஞ்சு நிறைய மூச்சு விடுகிறேன் என்பார். அவருக்கு நிலையான வாடகை ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமைதோறும் கோயமுத்தூரிலிருந்து ஒரு கண் டாக்டரம்மாவைக் கோத்தகிரி கிளினிக்குக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவர வேண்டும். மற்ற நாளில் கல்யாணம், காதுகுத்து என்று வந்தால் உண்டு. வெள்ளிக்கிழமை போனால் வண்டி நிலைக்காது. வண்டி போனால் மறுபடி தறிதான்.

"கோத்தகிரி மலையில குஞ்சப்பனை தாண்டினா இருமுதுங்க அம்மணி. ரெண்டு தடவ நின்னே போச்சு. அரைமணி நேரம் ஆற வெச்சா மறுக்காக் கெளம்பீருது. டாக்டரம்மா ரோட்டோரத்துல கொடையப் புடிச்சுட்டு நிக்கறாங்க. எனக்கு மண்ணுக்குள்ள போயிரலாமாட்ட ஆயிப்போச்சுங்க."

நான் யோசிக்கவே இல்லை. தங்கக் கலர் டப்பா நாலை எடுத்து வைத்தேன். "இதப் போடுங்கண்ணா, மலை ஓடியே ஏறும்." ஆறவைத்தால் கிளம்புகிற வண்டிக்குப் பிளக்கிலா கோளாறு இருக்கும் என்று கேட்கத் தெரியாதவள் இல்லை நான். விற்கிற அவசரத்தில் அவர் சொன்னது காதில் ஏறவில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்தார். "நல்லா இருக்குதுங்க அம்மணி" என்றார். பல்லடம், நல்லா இருக்குது என்று எழுதிக்கொண்டேன்.

இன்னொரு நாள் ஃபேன் பெல்ட் கேட்டு வந்தபோது, அளவு பார்க்க நானே வண்டிக்குப் போனேன். டேஷ்போர்டு டப்பா திறந்து கிடந்தது. உள்ளே செய்தித்தாளில் சுற்றி என் நாலு பிளக்கும் இருந்தன.

"அண்ணா, இது ஏன் இங்க கெடக்குது?"

"பத்தரமா வெச்சிருக்கறனுங்க."

"பத்தரமாவா? எஞ்சின்ல இருக்க வேண்டியதுங்களே!"

துருவித் துருவிக் கேட்டபிறகுதான் வந்தது. போட்ட முதல் வெள்ளிக்கிழமையே அதே இடத்தில் வண்டி நின்றுவிட்டதாம். பழைய பிளக்கையே துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டாராம். போன வாரமும் நின்றதாம்.

"அப்பறம் ஏனுங்கண்ணா நல்லா இருக்குதுன்னு சொன்னீங்க?"

"நீங்க அத்தன ஆசையாக் கேட்டீங்க. மொகத்துக்கு நேரா எப்படிங்க சொல்றது? நல்லா இருக்குமுங்களா?"

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"அடுத்த வாரம் வரட்டுங்களான்னு கேட்டனுங்க. பாத்துக்கலாமுங்கன்னாங்க."

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பாத்துக்கலாமுங்க என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும். தெரியாதவர் மாதிரி, அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஃபேன் பெல்ட் வாங்க வந்திருந்தார்.

அன்றிலிருந்து கடைக்கு வந்தவர்களிடம் கேள்வியை மாற்றினேன். நல்லா இருக்குதா என்று கேட்கவில்லை. "அடுத்த தடவையும் இதையேதான் போடுவீங்களா?" என்று கேட்டேன். அவிநாசிக்காரர் சிரித்தார். "பாத்துக்கலாமுங்க அம்மணி." பொள்ளாச்சியும் பாத்துக்கலாமுங்க. ரொம்ப நல்லா இருக்குது என்று சொன்ன பவானிக்காரர் அவசரமாக வாட்சைப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார். என் நோட்டில் பிளக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் மனசு நோகக்கூடாது என்று அத்தனை ஊர்க்காரர்களும் சொன்னதைத்தான் நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. சரி, மனுஷர்கள் சொல்லமாட்டார்கள், வண்டி சொல்லட்டும் என்று முடிவு பண்ணினேன்.

முதலாளியிடம் போய் நின்றேன். "ஞாயித்துக்கெழம சென்னிமலை ஏறிச் சோதிச்சுப் பாக்கறனுங்க. சின்ன மலை, ஒரே நாள்ல மூணு தடவ ஏறி எறங்கலாம். சாதாப் பிளக் புதுசு ஒரு செட் வேணுமுங்க."

"எதுக்குங்க அம்மணி வம்பு?" என்றார். ஆனால் கொடுத்தார். நான் ஒற்றைக்காலில் நின்றால் எத்தனை நேரம் நிற்பேன் என்று அவருக்குத் தெரியும்.

வீட்டில் வேறு ரகளை. "தனியா ஒரு டிரைவரோட மலைக்குப் போறேங்கறயா? நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்று அம்மா கத்தினாள். நீயும் வா என்றேன். அவள் சின்னம்மாவையும் சேர்த்துக்கொண்டாள். நல்லதாகப் போயிற்று. டாக்டரம்மா மருந்துப்பெட்டிகளோடு போகிறவர், பாரம் ஏற்றித்தானே பார்க்க வேண்டும்! எங்கள் வீட்டுப் பொம்பளைகள் இரண்டு பேர் பின்சீட்டில் உட்கார்ந்தால் மருந்துப்பெட்டி தோற்றுப்போகும். துணைக்குத் துணையும் ஆச்சு, எடைக்கு எடையும் ஆச்சு.

கோயமுத்தூரிலிருந்து ஓட்டிப்போனதில் வண்டி நன்றாகச் சூடேறியிருந்தது. அடிவாரத்தில் நிறுத்தி நான் விதிமுறையைச் சொன்னேன். "அண்ணா, நீங்க அக்கட்டால திரும்பி நில்லுங்க. எந்தப் பிளக் போடறேன்னு நீங்க பாக்கக் கூடாது."

"ஏனுங்க அம்மணி?"

"பாத்தீங்கன்னா அதுக்கும் மரியாதை குடுப்பீங்க."

பாவம், மலையைப் பார்த்துக்கொண்டு, கோயிலுக்கு நிற்கிற மாதிரி கையைக் கட்டி நின்றார். நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பிளக் ஸ்பேனரோடு பானெட்டுக்குள் குனிந்தேன். நடந்து மலை ஏற வந்த கூட்டம் சாமியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. முதல் தடவை அவருடைய பழைய பிளக், இரண்டாவது சாதாப் புதுசு, மூன்றாவது தங்கக் கலர். ஆள் அதே ஆள், பாரம் அதே பாரம். நேரத்துக்கு என் கைக்கடிகாரம். வண்டி எங்கே முதலில் இருமுகிறதோ அந்த இடத்தை மனசில் வைத்து, இறங்கி வரும்போது நிறுத்தி, ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் அம்மாவின் திருநீற்றால் ஒரு கோடு போடுவேன்.

மூன்று தடவை ஏறினோம். ஒவ்வொரு தடவையும் உச்சியில் கேட்டேன். "எப்படிங்கண்ணா?" மூன்று தடவையும் அவர் சொன்னார், "நல்லா இருக்குதுங்க." பழசுக்கும் அதேதான், உசத்திக்கும் அதேதான்! மூன்றாவது தடவை அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன சாமி நல்லா இருக்குது? எங்க மாமனாரு கடைசி காலத்துல இருமுனாப்பல இருமிட்டு ஏறுது!"

நேரத்தில் இருந்த வித்தியாசம், குறுக்கே ஒரு குரங்கு வந்ததற்கே சரியாகப் போயிற்று. சுவரில் மூன்று கோடுகளும் கைக்கு எட்டுகிற தூரத்துக்குள்ளேயே விழுந்திருந்தன. மூன்றாவது கோட்டைப் போட்டுவிட்டு நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தோம். மலையிலிருந்து நடந்து வந்த ஒரு குடும்பம் சுவரில் திருநீற்றுப் பட்டையைப் பார்த்தது. தொட்டுக் கும்பிட்டு, குழந்தை நெற்றியிலும் பூசிவிட்டு, என் சோதனையைக் கையோடு எடுத்துக்கொண்டு போயிற்று. பின்சீட்டில் இருந்த சின்னம்மா சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று பிளக்குக்கும் ஒரே இடத்தில் இருமல் வருகிறதென்றால் கோளாறு பிளக்கில் இல்லை. பின் எதில்? பிளக் மாற்றும்போது வலது கையில் சூடுபட்ட இடம் எரிந்துகொண்டிருந்தது. எதில் சுட்டுக்கொண்டேன் என்று மறுபடி பானெட்டைத் திறந்து பார்த்தேன். இக்னிஷன் காயில். பிளக்குகளுக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற உருளை. பக்கத்தில் கை கொண்டுபோக முடியவில்லை, அனலடித்தது. சூடேறினால் செத்துப்போகிறது, ஆறினால் உயிர்த்துக்கொள்கிறது. அரைமணி ஆறவைத்தால் கிளம்புகிறது என்று அந்த மனுஷர் முதல்நாளே சொன்னாரே! காதைப் பிடித்து என்னையே திருகிக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மாவின் துண்டைத் தண்ணீரில் நனைத்துக் காயிலின் மேல் சுற்றினேன். நாலாவது தடவை ஏறினோம். உள்ளே மறுபடி மாட்டியிருந்தது சாதாப் பிளக். கோடுகள் இருந்த இடத்தை வண்டி தாண்டியது, இருமவில்லை. உச்சி வரைக்கும் இருமவில்லை. இந்தத் தடவை நான் எதுவும் கேட்கவில்லை. ஆறுச்சாமி அண்ணன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை புதுக் காயில் மாட்டினார். கவுண்டருக்கு மேலே நான் ஒரு அட்டை எழுதி வைத்தேன்: 'உசத்திப் பிளக் நாள்பட உழைக்கும். இழுவை கூடும் என்று வாங்க வேண்டாம்.' முதலாளி அதை இரண்டு தடவை படித்தார். "இதக் கொஞ்சம் உள்ள தள்ளி வெக்கலாமுங்களா?" என்றார். பாத்துக்கலாமுங்க என்றேன். கடைசிவரை அது அங்கேயேதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, கோத்தகிரி ரோட்டில் இருக்க வேண்டிய நேரத்தில், ஆறுச்சாமி அண்ணன் கடை வாசலில் நின்றார். டாக்டரம்மா வீட்டு வாசலில் வேறொரு கார் நின்றதாம். இவரும் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. "வணக்கம் வெச்சுப்போட்டு வந்துட்டனுங்க" என்றார். புதுக் காயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதுதானே என்றேன். "அவங்க கெளம்பற நேரமுங்க" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று இன்றைக்கும் தெரியாது. ஒருத்தர் மனசை ஒருத்தர் நோகடிக்காமல் ஒரு மனுஷனைத் தறிக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்! மறுநாள் சாயங்காலம் அந்த டாக்டரம்மாவின் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய், டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் நாற்காலியில் உட்காரவைத்து டார்ச்சை எடுத்தார்.

"கண்ணுல என்னங்க தொந்தரவு?"

"கண்ணுல ஒண்ணுமில்லீங்க டாக்டர். காருல."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நான் தப்பான சாமான் விற்றது, சென்னிமலை, திருநீறு, காயில், எல்லாம். "அவரு வண்டி மேல தப்பில்லீங்க, என் வாய் மேலதான் தப்பு. ஒரே ஒரு வெள்ளிக்கெழம ஏறிப் பாருங்க. நானும் முன்சீட்டுல வாரேன்."

"சரிங்க, பாத்துக்கலாமுங்க" என்றார்.

"அந்த வார்த்தை வேண்டாமுங்க டாக்டர். வேண்டாம்னா வேண்டாம்னே சொல்லிப்போடுங்க, எந்திரிச்சுப் போயிடறேன்."

டார்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு அப்படி யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். நாற்காலியை விட்டு நான் எழவில்லை. கடைசியில் சிரித்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்தோம். குஞ்சப்பனை வந்தது. என் கை கதவுப்பிடியை விடவில்லை. வண்டி சீராக ஏறியது. அடுத்த திருப்பம், அதற்கடுத்தது. பாதி வழியில் ஆறுச்சாமி அண்ணன் தன் பக்கத்துச் சன்னலை முழுசாக இறக்கிவிட்டார். குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. கோத்தகிரியில் இறங்கியதும் டாக்டரம்மாவிடம் வண்டி எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியாதா? "அடுத்த வாரமுங்க?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சரைக்கே வந்துருங்க. மழைக்காலம், நேரத்துல ஏறிரலாம்."

நேரம் சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் அது நிஜம். நான் அங்கேயே, கிளினிக் வாசலில், குழந்தை மாதிரி அழுதேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அந்த மாதிரி சந்தோஷம் அதற்கப்புறம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

அப்புறம் பல வருஷம் அந்த வெள்ளிக்கிழமை அவருடையதாகவே இருந்தது. டாக்டரம்மா வயசாகி மலைக்குப் போவதை நிறுத்தும் வரைக்கும். இப்போது அந்த மாதிரிக் காயில் வருகிற வண்டி இல்லை. பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது, எதிலும் கை சுடாது. கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். முதலாளி இல்லை, அம்மாவும் இல்லை. முகத்துக்கு நேரே குறை சொல்லக்கூடாது என்கிற வழக்கமும் போய்க்கொண்டிருக்கிறது. டீயில் சர்க்கரை குறைந்தால்கூட போனிலேயே ஒரு ஸ்டார் போட்டுவிடுகிறார்கள். அதற்காக நான் ஒப்பாரி வைக்கமாட்டேன். அந்த மரியாதை ஒருத்தர் பிழைப்பையே விழுங்கப் பார்த்ததை நேரில் பார்த்தவள்.

போன வருஷம் ஆறுச்சாமி அண்ணனுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டுப் பல்லடம் போனேன். அந்தப் பழைய பஞ்சுத்தூசி நெஞ்சைவிட்டுப் போகவே இல்லையாம். கட்டிலைச் சுற்றிச் சொந்தபந்தம், ஒறம்பரை. ஒவ்வொருத்தராகக் கேட்கிறார்கள், எப்படிங்க இருக்குது என்று. "தேவலாமுங்க, தேவலாமுங்க" என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மகனிடமும் அதேதான். அவர்கள் காபி குடிக்க எழுந்து போனதும் நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே என் பக்கம் திரும்பினார்.

"முடியலீங்க அம்மணி" என்றார்.

என்னிடம் முகத்துக்கு நேராக அவர் சொன்ன ஒரே குறை அதுதான். எதை மாற்றினால் சரியாகும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. சன்னலை மட்டும் நன்றாகத் திறந்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.